மொறிஸ் மைனரைத் தந்த அகதிப் பிள்ளை

முள்ளியவளையில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் மொறிஸ் மைனரைத் தெரியும். 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால் அது சாத்தியமானது. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு புகை கக்கியபடி ஓடின. அந்தப் புகையின் மணத்தோடு வளர்ந்த தலைமுறை என்னுடையது.

அந்தக் காரை வடிவமைத்தவரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் அலெக் இசிகோனிஸ். பதினைந்து வயதில், எரிவதற்குச் சில நாட்களே இருந்த ஒரு நகரத்தைவிட்டுக் கப்பலேறிய பிள்ளை அவர்.

கரையில் நின்றவர்களும் கப்பலில் ஏறியவர்களும்

இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரத்துக்கு அன்று ஸ்மிர்னா என்று பெயர். 1906 நவம்பர் 18இல் இசிகோனிஸ் அங்கே பிறந்தார். தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் கிரேக்க வழிவந்தவர். கப்பல் இயந்திரங்களைச் செய்யும், திருத்தும் பட்டறை வைத்திருந்தார். தாய் ஹுல்டா ஜேர்மனிய வழிவந்தவர். பாட்டனார் காலத்தில் கிடைத்த பிரித்தானியக் குடியுரிமையும் குடும்பத்திடம் இருந்தது. இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே சிறுவன் வளர்ந்தான்.

முதலாம் உலகப் போர் அந்த வாழ்வைக் குலைத்தது. அதன் பின் கிரேக்கமும் துருக்கியும் மோதின. 1922 செப்டெம்பர் 9இல் துருக்கியப் படைகள் ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தன. 13ஆம் திகதி நகரத்தில் தீ பரவியது. கிரேக்கர்களும் ஆர்மேனியர்களும் இலட்சக்கணக்கில் துறைமுகக் கரையில் நெருக்குண்டு நின்றார்கள். பின்னால் நெருப்பு, முன்னால் கடல். கடலில் வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் நின்றன. அவை முதலில் தங்கள் நாட்டுக் குடிமக்களையே ஏற்றின.

பிரித்தானியக் குடியுரிமை இருந்ததால் இசிகோனிஸ் குடும்பம் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு மால்ட்டாத் தீவில் இறக்கப்பட்டது. வீடும் பட்டறையும் சொத்தும் ஸ்மிர்னாவோடு போயின. தகப்பன் மால்ட்டாவிலேயே இறந்துபோனார். 1923இல் தாயும் மகனும் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். யார் கப்பலில் ஏறலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்பதை ஒரு கடதாசி தீர்மானித்ததை வாசிக்கும்போது, 2009இல் மாத்தளன் கரையில் நின்றவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

கணிதத்தில் மூன்று தடவை

லண்டனில் ஹுல்டா தனியொரு பெண்ணாக மகனைப் படிக்க வைத்தார். பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்த இசிகோனிஸ், கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தவறினார். பட்டத்துக்கான வழி அடைபட, டிப்ளோமாவோடு வெளியே வந்தார். கணிதம் சித்தியடையாத ஒரே காரணத்தால் சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகள் வன்னியில் எத்தனையோ பேர். இசிகோனிஸுக்குக் கை கொடுத்தது கோட்டுப்படம். மனதில் தோன்றுவதைப் பென்சிலால் உடனே வரைந்து காட்டுவார்.

1934இல் ஹம்பர் நிறுவனத்திலும், 1936இல் மொறிஸ் நிறுவனத்திலும் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை சஸ்பென்சன். சில்லுக்கும் உடலுக்கும் நடுவில் இருந்து குலுக்கத்தைத் தாங்கும் பகுதி அது. ஓய்வு நேரங்களில் ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பருடன் சேர்ந்து, பல வருடங்களாகக் கையாலேயே ஒரு சிறிய பந்தயக் காரைக் கட்டினார். லைற்வெயிற் ஸ்பெஷல் என்ற அந்தக் காரில் இறப்பரையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மைனருக்கான வேலை தொடங்கிவிட்டது. உற்பத்திக்குச் சற்று முன்னர் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் திருப்தி வந்தது. மைனரின் பொனற்றின் நடுவே ஓடும் மேடான பட்டி அப்படி வந்ததுதான். 1948 ஒக்ரோபரில் லண்டன் கண்காட்சியில் கார் வெளிவந்தது. மூடிய காரோடு, மடிக்கும் துணிக்கூரை கொண்ட திறந்த காரும் அப்போதே வந்தது. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருவம் பிடிக்கவில்லை. ஆனாலும் பத்து இலட்சம் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

பாரம் எங்கே இறங்குகிறது

இசிகோனிஸின் மூளை எப்படி வேலை செய்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர் முள்ளியவளையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணை. புலம்பெயர்ந்து வாழும் அவரது உறவினர் ஒருவர் துணிக்கூரை மைனர் ஒன்று வாங்கி, அதற்குக் கொயில்-ஓவர் பூட்டலாமா என்று படங்கள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். கொயில்-ஓவர் என்பது சொக் அப்சோபரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் இருக்கும் அமைப்பு. அதன் புரிவளையத்தைத் திருகிக் காரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மைனருக்கென்றே அப்படிப்பட்ட செற்றுகள் வெளிநாடுகளில் விற்பனையாகின்றன.

மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு உருக்குக் கம்பிகள் முறுகி, ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கின்றன. கம்பியின் முன்முனை சில்லின் கீழ்க்கையோடும், பின்முனை ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தோடும் பிணைந்திருக்கும். பள்ளத்தில் விழும் அடியை அந்தக் குறுக்குச் சட்டமே வாங்குகிறது.

கொயில்-ஓவர் பூட்டினால் அந்தப் பாதை மாறுகிறது. அடி முழுவதும் மேலே ஏறி, முன் மட்காட்டின் உட்புறத் தகட்டிலும் அதன் அருகிலுள்ள சட்டத்திலும் போய் இடிக்கும். அந்தப் பாரத்துக்காக அந்த இடம் செய்யப்படவில்லை. தடித்த தகடு வைத்துப் பலப்படுத்தாமல் பூட்டினால் வெடிப்பு விழும். இன்னொன்றும் உண்டு. மைனரின் பழைய சொக் அப்சோபரின் கைதான் சில்லைத் தாங்கும் மேற்கை. அதைக் கழற்றினால் அதற்குப் பதிலாக வேறு மேற்கை வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சில்லு நிற்காது.

கூரையில்லாத காரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மூடிய காரின் கூரை, உடல் முறுகாமல் பிடித்து வைத்திருக்கிறது. கூரை இல்லாதபோது அந்த வேலை முழுவதும் தரைத்தகட்டிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்களிலும் விழுகிறது. அவை துருப்பிடித்திருக்கும்போது இறுக்கமான ஸ்பிரிங் போட்டால், கதவு ஒழுங்காகப் பூட்டாது. போகப்போக நடுவுடம்பே தொய்யும். அண்ணை அனுப்பிய பதில் இதுதான்: முதலில் தரையைத் தட்டிப் பார், துருவை வெட்டி ஒட்டு, பிறகு ஸ்பிரிங்கைப் பற்றி யோசி. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதே, உறுதியான தாங்கி வை. பூட்டிய பின் இரண்டு பக்க உயரத்தையும் ஒன்றாக வை, சில்லுகளின் நேர்த்தியைப் பார்ப்பித்த பிறகே வீதியில் இறக்கு.

கம்பியிலிருந்து இறப்பருக்கு

1956இல் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் சிறிய கார் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு இசிகோனிஸிடம் வந்தது. 1959 ஓகஸ்ட் 26இல் மினி வெளியானது. நீளம் வெறும் 10 அடி, சில்லு 10 அங்குலம். இயந்திரத்தைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை ஓட்டியதால் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. அலெக்ஸ் மோல்ற்றன் என்ற பொறியியலாளர் செய்த இறப்பர்க் கூம்புகளே அதன் ஸ்பிரிங். இன்று உலகில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அதே குறுக்கு இயந்திர முறையையே பின்பற்றுகின்றன.

1969இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. ஆனால் நிறுவனம் கைமாறியபின் ஓரங்கட்டப்பட்டார். மினிக்குப் பதிலாக அவர் வரைந்த புதிய கார் உற்பத்திக்குப் போகவில்லை. 1971இல் ஓய்வுபெற்றார். திருமணம் செய்யவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூடவே வந்த தாய் 1972இல் இறக்கும்வரை அவரோடுதான் வாழ்ந்தார். 1988 ஒக்ரோபர் 2இல் பேர்மிங்ஹாமில் இசிகோனிஸ் காலமானார்.

அகதி என்றதும் ஊடகங்கள் காட்டுவது வரிசையில் தட்டோடு நிற்கும் ஒருவரைத்தான். கப்பலிலிருந்து இறங்கிய அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குள் மைனரும் மினியும் இருந்ததை எந்தப் படமும் காட்டியிருக்காது. அவரது கோட்டுப்படங்களை இங்கிலாந்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதே காரை மண்ணெண்ணெயில் ஓட வைத்த, கிடைக்காத உதிரிப்பாகத்தைத் தாங்களே கடைந்து போட்ட நமது கராஜ்காரர்களின் வேலைக்கு ஒரு பதிவும் இல்லை. அவர்கள் திருத்திய எத்தனையோ வாகனங்கள் முள்ளிவாய்க்காலில் துருவாகிப் போயின. அவர்களில் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். பக்கத்துக் கராஜில் அப்படியொருவர் இருந்தால், அவர் செய்ததைக் கேட்டு எழுதி வைப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.