மழைநீர் எங்கே போகிறது?

மழை ஓய்ந்ததும் உங்கள் பள்ளி மைதானத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நீளம் தாண்டுவதற்காக மணல் கொட்டிய குழியில் தண்ணீர் நிற்காது. நீங்கள் ஓடியாடி இறுகிப்போன இடத்தில் குட்டையாகத் தேங்கி நிற்கும். கொஞ்சம் சரிவு இருந்துவிட்டால், மண்ணையும் கரைத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடும். பெய்தது ஒரே மழைதான். ஓர் இடத்தில் உள்ளே இறங்குகிறது. இன்னோர் இடத்தில் மேலேயே ஓடிவிடுகிறது.

இதைக் கூர்ந்து கவனித்த ஒருவர், ஒரு பெரிய தேசத்தையே விழிக்க வைத்தார். அவர் பெயர் ஹியூ ஹாமண்ட் பென்னட்.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் வேட்ஸ்பரோ என்ற ஊருக்கு அருகில், 1881-ம் ஆண்டு ஏப்ரல் 15-ம் தேதி பென்னட் பிறந்தார். அப்பா பருத்தி விவசாயி. மேடும் பள்ளமுமான நிலம். மழையில் மண் கரைந்து போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுவார் அப்பா. சிறுவன் ஹியூவும் கூடமாட உதவி செய்வான். மண்ணைக் காப்பது பற்றிய முதல் பாடம் அவனுக்கு அங்கேதான் கிடைத்தது.

1903-ல் சாப்பல் ஹில் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பென்னட், அரசாங்கத்தின் மண் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போக வேண்டும்; மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்; எந்த இடத்தில் என்ன மண் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். வெயிலும் சேறும் நிறைந்த வேலை. அவருக்கோ அது மிகவும் பிடித்துப் போயிற்று.

1905-ல் அவரையும் இன்னொரு அதிகாரியையும் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இருவரும் ஒரு காட்டோரத்தில் நின்றார்கள். ஒரு பக்கம் கலப்பையே படாத காடு. அதை ஒட்டி, பல வருடங்களாக உழுது பயிர் செய்த வயல். இரண்டிலும் ஒரே சரிவு. ஒரு காலத்தில் ஒரே மண். காட்டு மண்ணைத் தோண்டினால் பொலபொலவென்று கையோடு வந்தது, ஈரமாகவும் இருந்தது. வயல் மண்ணோ கெட்டிக் களிமண். கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

பென்னட்டுக்குச் சட்டென்று புரிந்தது. காட்டில் மழைத்துளி முதலில் இலைச் சருகின் மேல் விழுகிறது. அடியில் வேர்களும் மண்புழுக்களும் போட்ட கணக்கற்ற துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே நிதானமாக உள்ளே இறங்கிவிடுகிறது. வெறும் வயலில் துளி நேரே மண்ணில் மோதுகிறது. சிதறிய நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. இறங்க வழியில்லாத தண்ணீர் மேலே ஓடுகிறது. ஓடும்போது ஒரு மெல்லிய தாள் அளவு மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகிறது. ஒரு மழைக்கு ஒரு தாள் போனால் யார் கண்ணுக்குத் தெரியும்? பல வருடங்கள் கழித்துப் பார்த்தால் மேல் மண்ணே இருக்காது. அடியிலிருந்த களிமண்தான் மிஞ்சும். பெரிய பெரிய ஓடைகளாக அரித்தால்தான் மண் அரிப்பு என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் பாராட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! 1909-ல் அவருடைய துறையே ஒரு நூல் வெளியிட்டது. மண் ஒருபோதும் தீர்ந்துபோகாத, அழியாத சொத்து என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் துறைத் தலைவர். தன் மேலதிகாரி எழுதியது தவறு என்று ஓர் இளம் அதிகாரிக்குத் தெரிகிறது. என்ன செய்வது? பென்னட் வேலையை விட்டு ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. போன இடத்திலெல்லாம் மண் அரிப்பைக் குறித்து வைத்தார். பனாமா, அலாஸ்கா, கியூபா என்று பல இடங்களின் மண்ணையும் தோண்டிப் பார்த்தார். கட்டுரைகள் எழுதினார், கூட்டங்களில் பேசினார். இப்படியே இருபது வருடங்கள் போயின.

1928-ல் மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று எச்சரித்து, இன்னொருவருடன் சேர்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது கவனம் பெற்றது. மறு வருடமே, மண் அரிப்பை ஆராய 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. பல மாநிலங்களில் ஆராய்ச்சிப் பண்ணைகள் வந்தன.

அங்கே செய்த சோதனை எளிமையானது. சரிவான நிலத்தில் 6 அடி அகலம், 72.6 அடி நீளத்துக்குப் பாத்திகள். ஒவ்வொன்றும் சரியாக ஒரு சென்ட், அதாவது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு! ஒன்றில் புல், ஒன்றில் பருத்தி, ஒன்று வெறும் தரை. கீழ் முனையில் தொட்டி. மழைக்குப் பிறகு எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வண்டல் என்று அளந்தார்கள். வாய்ப்பேச்சுக்கு இனி இடமில்லை. தொட்டியே சாட்சி சொன்னது.

1933-ல் மண் அரிப்புத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. பென்னட்தான் அதன் தலைவர். ஆனால் அது தற்காலிகப் பிரிவு. எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

அப்போது அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் கடும் வறட்சி. புல்வெளிகளை உழுது கோதுமை போட்டிருந்த நிலமெல்லாம் காய்ந்து பொடியாகி, புழுதிப் புயலாகக் கிளம்பியது. 1935 வசந்த காலத்தில், பிரிவை நிரந்தரமாக்கக் கோரி, தலைநகர் வாஷிங்டனில் செனட் உறுப்பினர்கள் முன் பென்னட் பேசினார். புயல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று முன்பே விசாரித்து வைத்திருந்தாராம். பேச்சை வேண்டுமென்றே நீட்டிக்கொண்டே போனாராம். திடீரென்று ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வயல் மண் தலைநகருக்கு மேலே வந்து நின்றது! தண்ணீர் பல வருடங்களாகத் திருடியது யார் கண்ணிலும் படவில்லை. காற்று திருடியபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

1935 ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மண் பாதுகாப்புத் துறை உருவானது. பென்னட் 1951 வரை அதன் தலைவராக இருந்தார்.

சிற்றாறுகளில் வெள்ளத்தைத் தடுக்கும் வேலையும் அந்தத் துறைக்கு வந்தது. இவ்வளவு மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஆயிரக்கணக்கான மண் வகைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போடுவது? அதே துறையில் பணியாற்றிய மஸ்கிரேவ் என்பவர் 1955-ல் எல்லாவற்றையும் நான்கு கூட்டமாகப் பிரித்துக் காட்டினார். நன்றாக நனைந்த பிறகும் மணிக்கு 7.6 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடும் மணற்பாங்கான மண் ‘ஏ’. 3.8 முதல் 7.6 வரை ‘பி’. 1.3 முதல் 3.8 வரை ‘சி’. 1.3-க்கும் குறைவு என்றால் ‘டி’, பெரும்பாலும் களிமண்.

நனைந்த பிறகு என்று ஏன் சொல்கிறார்கள்? டெக்சாஸ் மாநிலத்தில் நம் கரிசல் போன்ற மண் இருக்கிறது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழை முழுவதும் வெடிப்புக்குள் போய்விடும். பிறகு மண் ஊதிப் பெருத்து வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு சொட்டு இறங்குவதும் கஷ்டம். அதனால் அது ‘டி’.

‘ஏ’ என்றதும் முதல் மார்க் வாங்கிய மண் என்று நினைத்துவிடாதீர்கள்! மணலில் விட்ட தண்ணீர் நிற்காது. நெல்லுக்குக் களிமண்தான் தோது.

மண்ணின் எழுத்தோடு, அதன் மேல் என்ன வளர்கிறது என்பதையும் சேர்த்து ஓர் எண் கொடுத்தார்கள். எண் 100-ஐ நெருங்க நெருங்க, ஓடும் தண்ணீர் அதிகம். ‘பி’ வகை மண்ணில் நல்ல காடு இருந்தால் எண் 55. அதே மண்ணில் கவனிப்பில்லாமல் நேர்வரிசையாகப் பயிர் வைத்தால் 81.

பென்னட் 1960 ஜூலை 7-ல் காலமானார். லூயிசா மாவட்டத்துக் காட்டோரத்தில் 24 வயதில் அவர் தோண்டிப் பார்த்த வித்தியாசத்தைத்தான், அந்த 55-ம் 81-ம் சொல்கின்றன.