வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோன் என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. முப்பது வயதளவில் தமிழகம் வந்த இயேசு சபைத் துறவியாகிய அவரையே நாம் வீரமாமுனிவர் என்கிறோம்.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். துன்பங்களுக்கு அஞ்சி வந்த கிறித்தவர்களுக்கு அவ்வூர் புகலிடமாயிற்று. அதற்குத் திருக்காவலூர் என்றும் பெயரிட்டார். கோணான்குப்பத்து ஆலயத்திலோ அன்னை மரியாள் தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்தி நிற்கிறார். குருமார் மிகச் சிலரே இருந்த காலம் அது. குரு வராத நாள்களில் சிற்றூர்களில் செபம் நடத்தியவர்கள் உபதேசியார்களே. அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை அவர் எழுதினார்.

அவருடைய 'தேம்பாவணி' 3,615 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். ஆயினும் நாம் நாள்தோறும் பயன்படுத்துவது அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தையே. முன்பு 'எ' என்னும் குறிலுக்கு மேலே புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். அப்போது எழுதியிருப்பது நெருப்பைக் குறிக்கும் எரியா, நீர் நிறைந்த ஏரியா? நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து அக்குழப்பத்தை அவர் தீர்த்தார்.

1747இல் அவர் மறைந்த அம்பலக்காடு திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது.