உண்மை மாதிரியைத் தேடிய ஆச்சாரியார்

பனியன் நகராம் திருப்பூரில், ராயபுரத்தில் பயிலும் நமக்குச் சாயமும் சாயக் கழிவுநீரும் புதியவை அல்ல. இத்தகைய நீரைச் சோதிக்க இன்று தானியங்கிக் கருவிகள் உள்ளன. வரிசையாக வைத்த குப்பிகளிலிருந்து அவை தாமே மாதிரியை உறிஞ்சி, தாமே அளவைக் காட்டிவிடும். ஆயினும், அளவு தெரிந்த கரைசலை முதலில் கொடுத்துச் சரிபார்த்தால்தான் கருவி சொல்வது மெய்யாகும். இக்கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வுண்மையைச் செயலில் காட்டியவர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

அவர் 1861 ஆகஸ்ட் 2 அன்று, இன்றைய வங்காள தேசத்திலுள்ள ராருளி கிராமத்தில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அக்காலத்தில் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் மலிந்திருந்தது. அதை ஆராய முனைந்தார் ராய். ஆனால், கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கலப்பில்லாத நெய்யின் தன்மை முதலில் தெரிய வேண்டுமல்லவா? ஐரோப்பிய நூல்கள் கூறிய அளவுகள் நம் நாட்டு நெய்க்குப் பொருந்தும் என்று அவர் எண்ணிவிடவில்லை. கடைச் சரக்கையும் நம்பவில்லை. தம் கண்ணெதிரே பசுவைக் கறக்கச் செய்து வெண்ணெய் எடுப்பித்தார். தம் மேற்பார்வையிலேயே கடுகை ஆட்டுவித்தார். அந்தத் தூய மாதிரிகளையே அளவுகோலாகக் கொண்டார். பல நாள் உழைப்பின் முடிவுகள் 1894-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயின. அளவுகோல் பிழையானால் நேர்மையான வியாபாரி குற்றவாளியாவான், கலப்படக்காரனோ தப்பிவிடுவான். ஆகவேதான் அவர் இத்தனை பாடுபட்டார்.

1892-ல் தம் சிறு சேமிப்பைக் கொண்டு அவர் தொடங்கிய மருந்துத் தயாரிப்பே, பின்னர் பெங்கால் கெமிக்கல் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மணம் புரியாது, அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பின் பெற்ற சம்பளத்தைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். 1944 ஜூன் 16 அன்று மறைந்தார்.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1957-ல், அமெரிக்கரான லெனார்டு ஸ்கெக்ஸ் கண்டுபிடித்த தானியங்கிப் பகுப்பாய்வுக் கருவி விற்பனைக்கு வந்தது. கருவிக்குக் களைப்பில்லை, கை நடுக்கமும் இல்லை. ஆனால், குப்பியில் இருப்பது உண்மையான கழிவுநீரா, யாரோ பிடித்து வைத்த குழாய் நீரா என்பது அதற்குத் தெரியாது. அது, குப்பியை நிரப்பும் கையின் நேர்மையைப் பொறுத்தது. நாளை நம்மில் சிலர் ஆய்வுக்கூடங்களில் பணிபுரியலாம். அன்று ஆச்சாரியாரை நினைவில் கொண்டு, உண்மை மாதிரியையே எடுத்து வைப்போமாக!