பஸ்டர் கீட்டன்: சிரிக்காத என்ஜினீயர்

பட்டமளிப்பு விழாவில் டிப்ளமோக்கள் கை மாறிவிடுகின்றன. தாவரவியல் படித்த பையனிடம் எலக்ட்ரிகல் என்ஜினீயர் பட்டம் வந்து சேர, ஒரு பணக்காரர் தன் பங்களா முழுவதையும் மின்மயமாக்கும் வேலையை அவனிடம் ஒப்படைக்கிறார். அப்புறம் கேட்கவா வேண்டும்! நகரும் படிக்கட்டு ஆளை ஜன்னல் வழியே நீச்சல் குளத்தில் வீசுகிறது. 1922-ல் வந்த 'தி எலக்ட்ரிக் ஹவுஸ்' என்ற மௌனப் படம் இது. நம்ம எலக்ட்ரிகல் பிராஞ்ச் நண்பர்கள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பையனாக நடித்து, படத்தையும் இயக்கியவர் பஸ்டர் கீட்டன். 1921-ல் முதலில் எடுத்தபோது அதே படிக்கட்டில் ஷூ மாட்டி அவர் கணுக்கால் முறிந்தது. அடுத்த வருஷம் மறுபடி எடுத்து முடித்தார்.

1895-ல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த கீட்டன் பள்ளிக்கூடம் போனதே அபூர்வம். அப்பா அம்மா மேடைக் கலைஞர்கள். மகனைத் தூக்கி எறிவதுதான் அப்பாவின் காமெடி. பிடித்து வீசுவதற்கு வசதியாகப் பையன் சட்டையில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! விழுந்தவன் சிரிக்காமல் எழுந்தால் ஜனங்கள் அதிகம் சிரிக்கிறார்கள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்குவதால் தப்புகிறார். தந்திரக் காட்சி கிடையாது. சுவர் நிஜம், கனம் நிஜம், தலைக்கும் தோளுக்கும் சில அங்குலமே இடைவெளி. நான் இதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்புக்கு முன்னால் டாலரன்ஸ் கணக்குதான் மனசில் ஓடும். அதற்கு முன்பு 'தி ஜெனரல்' படத்துக்காக, 1926-ல் ஆரிகன் மாநிலத்தில் எரியும் பாலத்தோடு நிஜ ரயில் என்ஜினையே ஆற்றில் கவிழ்த்தார். செலவு எக்கச்சக்கம், வசூல் சுமார். இன்று உலகத்தின் சிறந்த படங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

1928-ல் சொந்த ஸ்டூடியோவை விட்டு எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்தார். வேண்டாம் என்று சாப்ளினே தடுத்துப் பார்த்தார். அங்கே சம்பளம் இருந்தது. ஆனால் கதையைத் தீர்மானிப்பது வேறு ஆட்கள், விழுவது மட்டும் இவர். குடி வந்தது, குடும்பம் பிரிந்தது, 1933-ல் வேலையும் போனது. குடிதான் காரணம் என்பார்கள். வரைபடத்தைக் கையிலிருந்து பிடுங்கியதுதான் முதல் காரணம் என்பேன் நான். பிறகு அதே எம்.ஜி.எம்.முக்கு வாரம் 100 டாலருக்கு மற்றவர்களுக்காக காமெடி யோசித்துக் கொடுத்தார்.

மீட்டது டெலிவிஷன். 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்த நிகழ்ச்சி, அப்புறம் விளம்பரங்கள், 1961-ல் 'ட்விலைட் ஸோன்'. சின்னத் திரை என்று அவர் கௌரவம் பார்க்கவில்லை. 1960-ல் சிறப்பு ஆஸ்கார் கிடைத்தது.

1964-ல் கனடாவில் 'தி ரெயில்ராடர்' படப்பிடிப்பு. ஓடும் டிராலியில், மிக உயரமான ரயில் பாலத்தின் மேல், பெரிய மேப்பில் சுற்றிக்கொண்டு தடுமாற வேண்டும் என்றார் கீட்டன். ஆபத்து என்று இயக்குநர் பயந்து, காட்சியை மாற்றி எடுத்தார். கீட்டன் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே மறுபடி எடுத்தார்கள். அப்போது வயது 69. 1966 பிப்ரவரி 1-ல் காலமானார்.