ஏழு செப்புக்காசும் ஒரு விஞ்ஞானியும்

தண்ணீரில் எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் எவ்வளவு ஹைட்ரஜன், ஆக்சிஜன் கிளம்பும்? இந்தக் கணக்கைச் சொன்ன மைக்கேல் ஃபாரடே காலேஜே படிக்காதவர்!

1791-ல் இங்கிலாந்தில் கொல்லர் வீட்டில் பிறந்தார். 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படிச்சு அறிவை வளர்த்தார். 1812-ல் ஏழு செப்புக்காசு, ஏழு துத்தநாக வில்லை, நடுவே உப்புத்தண்ணீரில் நனைத்த காகிதம் அடுக்கி, தானே பேட்டரி செய்தார். கம்பிகளை எப்சம் உப்புக் கரைசலில் விட்டார், குமிழ் கிளம்பியது! 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1833-34-ல் மின்னாற்பகுப்பு விதிகளைத் தந்தார். 1867-ல் மறைந்தார்.

எங்க வீட்டில் முதல்முதலா படிக்க வந்தவன் நான். டிராயிங் ஷீட் வாங்கக் காசில்லாத நாளில், அந்த ஏழு காசை நினைச்சுக்குவேன். படிப்பை விட மனசு வராது.