மரம் சாகாமல் பால் எடுத்த ரிட்லி



காம்பார் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். பட்டையை மெல்லிசாச் சீவணும். கத்தி உள்மரத்தில் பாயக் கூடாது. பாய்ந்தால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. தண்டலும் சும்மா விடமாட்டார். நம் பாட்டன் பாட்டிமார் இந்தப் பாடத்தைத் தண்டலிடம் கற்றார்கள். ஆனால், முதன்முதலில் இதைச் சோதித்துச் சொன்னவர் யார்? ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்ற ஆங்கிலேயர்.

அவர் 1855 டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். செடிகொடிகளை ஆராய்வதே அவர் தொழில். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்து சேர்ந்தார்.

பால்மரம் அவருக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகள் லண்டனுக்குப் போயின. அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அதில் 9 கன்றுகள் நம்ம பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு வந்தன. ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். மரம் வளர்ந்தது, பிழைப்புக்கு உதவவில்லை. தோட்டத் துரைமார் காப்பியையே நம்பியிருந்தார்கள்.

காரணம் இதுதான். பிரேசில் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து உள்மரம் வரை இறங்கியதால் மரம் புண்ணாகி நலிந்தது. காட்டில் இன்னொரு மரம் தேடிப் போகலாம். காசு போட்டு நட்ட தோட்டத்தில் அது நடக்குமா?

பால் அதிகம் எடுப்பது எப்படி என்பதோடு ரிட்லி நிற்கவில்லை. மரத்தைக் கெடுக்காமல் நாளும் எடுப்பது எப்படி என்று கேட்டார். கேள்வி மாறியதும் வழி பிறந்தது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்படலம் காயப்படாவிட்டால் புதுப் பட்டை திரும்ப வளரும். ஆகவே பட்டையை மட்டும் சாய்வாகச் சீவினார். முதல் வெட்டில் கொஞ்சமாக வடிந்த பால், அதே வெட்டின் விளிம்பை மீண்டும் சீவியபோது கூடுதலாக வடிந்தது! நடுவில் ஒரு நேர்க்கோடு, பக்கங்களில் சாய்வு வெட்டுகள் என்று மீன்முள் போன்ற முறையை அமைத்தார். விடிகாலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதையும் கண்டார். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும்; பால் குழாய்களில் அழுத்தம் குறையும். இருட்டிலேயே பெரட்டுக்கு ஓடினோமே, அதற்குக் காரணம் இதுவே.

கண்டுபிடித்தால் போதுமா? ஊர் நம்ப வேண்டாமா? பையில் விதைகளை வைத்துக்கொண்டு துரைமாரைத் தேடிப் போனார். கிறுக்கு ரிட்லி என்று கேலி செய்தார்கள். அவர் விடவில்லை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் அவர் பேச்சை நம்பி, புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு காப்பி விலை சரிந்தது, மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது. சிரித்தவர்களே விதை கேட்டு வந்தார்கள். உலகிலேயே அதிக ரப்பர் தரும் நாடாக மலாயா உயர்ந்தது.

ரிட்லி 83-ஆம் வயதில் திருமணம் செய்துகொண்டு, 100 வயதைத் தாண்டி, 1956 அக்டோபர் 24-இல் மறைந்தார்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவர் கண்ட முறையை ஒரு தொழிலாக்கியவை, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய நம் மக்களின் கைகள். ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கைகளின் பெயர் இல்லை. மரத்தைப் புண்ணாக்காமல் பால் எடுக்க வழி தேடிய அந்தக் காலத்தில், மனிதனைப் புண்ணாக்காமல் வேலை வாங்க வழி தேடியவர்கள் குறைவு.

இன்று பல நிரைகளில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் அந்தப் பாடம் பழசாகவில்லை. வேலையில் ஏதாவது சிக்கினால் கோடரியை ஓங்குவதற்கு முன், கேள்வி சரியா என்று பாருங்கள். தினமும் அதே மரத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரிவது தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குப் பட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள்; சிரிக்கட்டுமே!