டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

துன்புற்றாரைக் காணுங்கால், இஃது எவர் குற்றத்தால் விளைந்தது என வினவுவது மனித சுபாவம். பிறவிக் குருடனைக் கண்ட சீடரும் அவ்வாறே வினவினர். ஆண்டவரோ பழிக்குரியவரைத் தேடாது அவன் கண்களைத் திறந்தருளினார். இந்நெறியில் நின்றவருள் ஐடா ஸ்கடர் அம்மையாரும் ஒருவராவர்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில், மிஷனெரி வைத்தியக் குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டார். கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்ற இவருக்கு இந்நாட்டில் ஊழியஞ் செய்யும் எண்ணம் இருந்ததில்லை. 1890இல் தாயாரின் நோய் காரணமாகவே திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓரிரவு, அந்தணர் ஒருவரும், முகமதியர் ஒருவரும், வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையுறும் தத்தம் மனைவியரைக் காக்குமாறு இறைஞ்சினர். அம்மையாரோ வைத்தியங் கல்லாதவர். அவர் தந்தையார் வைத்தியரேயாயினும், அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிரை அணுக ஒருவரும் இசைந்திலர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர்.

அக்கணவரையும் அவர்தம் வழக்கத்தையும் பழித்தமைதல் எளிது. ஆயினும், நள்ளிரவில் ஓடிவந்து வேண்டினோர் அன்பற்றவரல்லரே! அம்மையார் பழிப்பதில் நில்லாது, தாமே வைத்தியங் கற்கத் துணிந்தார். 1899இல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலஞ்சென்றார். எனினும் மனந்தளராது வேலூரில் பணியாற்றினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பெற்றது. 1909இல் தாதியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் எழுந்தன. பழைய வழக்கம் வசைமொழியால் மாயவில்லை. நம்பி அழைத்தற்குரிய பெண் வைத்தியர் பலர் தோன்றியதனால் தளர்ந்தது. 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அம்மையார் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

இன்றும் நம் திருப்பூரிலிருந்து இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் வைத்தியசாலையை நாடுவோர் உளர். பனியன் கம்பெனியில் உழைத்து நோயுற்றோரையும், கடன்பட்டு வருந்துவோரையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். உணவிற் கருத்தில்லாதவர் என்றும், செலவிற் கட்டில்லாதவர் என்றும் அவர்களைக் குறைகூறி நம் வழியே போகின்றோம். குற்றம் இல்லையென்று நாம் கூறவில்லை. குற்றத்தை ஆராய்ந்து முடிக்குமுன் உயிர் போய்விடும் என்பதையே திண்டிவனத்து இரவு நமக்கு உணர்த்துகின்றது. மாணவ நண்பர்களே, அடுத்த முறை நம் கதவு தட்டப்படுங்கால், காரணம் வினவுவோமா, கரம் நீட்டுவோமா?